'மிக ரகசியம்' என்று முத்திரை குத்திய பொய்

1984 டிசம்பரில், கலிஃபோர்னியாவைச் சேர்ந்த தொலைக்காட்சித் தயாரிப்பாளர் ஜெய்மி ஷாண்டெராவுக்குத் தபாலில் ஓர் உறை வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. நியூ மெக்ஸிகோ மாநிலம் ஆல்புகெர்க்கியின் தபால் முத்திரை மட்டும் இருந்தது. உள்ளே கழுவாத 35 எம்.எம். ஃபிலிம் சுருள் ஒன்று. கழுவிப் பார்த்ததில் தட்டச்சு செய்த பக்கங்களின் படங்கள் வந்தன. தேர்தலில் வென்று இன்னும் பதவியேற்காத ஐசன்ஹோவருக்காக 1952 நவம்பர் 18 அன்று எழுதியது என்றது அந்தக் குறிப்பு. 1947-ல் ராஸ்வெல் அருகே வேற்றுக்கிரகக் கலம் ஒன்று விழுந்தது, உடல்களும் கிடைத்தன, அதை ஆராய அதிபர் ட்ரூமன் 'மெஜஸ்டிக் 12' என்று பன்னிரண்டு பேர் குழு அமைத்தார் என்பது அதன் சாரம். ட்ரூமன் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதமும் இணைப்பாக இருந்தது.

இதை எழுதியவர் விவரம் தெரிந்தவர். பன்னிரண்டு பெயர்களும் நிஜ மனிதர்களின் பெயர்கள். சி.ஐ.ஏ. இயக்குநராக இருந்த ஹில்லன்கோட்டர், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் அறிவியல் ஆய்வுகளை வழிநடத்திய வன்னவர் புஷ், பாதுகாப்பு அமைச்சராக இருந்த ஃபாரஸ்டல் ஆகியோர் அதில் உண்டு. பறக்கும் தட்டுகளே கிடையாது என்று புத்தகம் எழுதிய ஹார்வர்ட் வானியலாளர் டொனால்ட் மென்செலும் உண்டு. உறை வந்து சேர்ந்தபோது இவர்களில் ஒருவர்கூட உயிரோடு இல்லை. கடைசியாக எஞ்சியிருந்த ஜெரோம் ஹன்சேக்கர் அதே ஆண்டு செப்டம்பரில்தான் காலமானார். 'நான் அப்படி ஒரு குழுவில் இருந்ததே இல்லை' என்று மறுக்க ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்த காகிதம் அது.

ஷாண்டெரா, எழுத்தாளர் பில் மூர், அணு இயற்பியலாளர் ஸ்டான்டன் ஃபிரீட்மன் ஆகிய மூவரும் 1987-ல் இதை வெளியிட்டார்கள். விமானத் துறைப் பத்திரிகையாளர் ஃபிலிப் கிளாஸ் அதைப் பரிசோதிக்க உட்கார்ந்தார். அவர் கண்ணில் முதலில் பட்டது தேதி எழுதிய விதம். ஒற்றை இலக்கத் தேதிக்கு முன்னால் ஒரு பூஜ்யம், மாதத்துக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி. ராணுவக் கடிதங்களில் வழக்கமில்லாத இந்த முறை பில் மூரின் சொந்தக் கடிதங்களில் இருந்தது. அடுத்தது ட்ரூமனின் கையெழுத்து. 1947 அக்டோபர் 1 அன்று வன்னவர் புஷ்ஷுக்கு அவர் எழுதிய உண்மையான கடிதம் ஒன்று உண்டு. அதிலுள்ள கையெழுத்தை இதன்மேல் வைத்தால் கோட்டுக்குக் கோடு பொருந்துகிறது. ஒரே ஆள் நூறு முறை கையெழுத்துப் போட்டாலும் இரண்டு அச்சாக ஒன்றுபோல அமையாது. எனக்கு இந்த ஒரு சான்றே போதும்.

ஆனால் கிளாஸ் சொன்ன எல்லாமும் நிலைக்கவில்லை. இதே கதையில் பிறகு சேர்ந்த இன்னொரு தாளின் தட்டச்சு எழுத்து அளவை வைத்து அவர் ஒரு வாதம் செய்தார். 'அந்தக் காலத்து வெள்ளை மாளிகைக் காகிதங்களில் இந்த அளவைக் காட்டினால், ஒவ்வொன்றுக்கும் நூறு டாலர் தருகிறேன்' என்று சவால் விட்டார். ஃபிரீட்மன் ஆவணக் காப்பகங்களில் தேடி எடுத்துக் காட்ட, கிளாஸ் ஆயிரம் டாலர் கொடுக்க வேண்டியதாயிற்று. 2019-ல் இறக்கும்வரை அந்த ஆவணங்களின் பக்கமே நின்ற ஃபிரீட்மனின் முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் காப்பகத்துக்கே போய்க் கோப்பைப் புரட்டிப் பார்த்த அவருடைய உழைப்பை மதிக்காமல் இருக்க முடியாது.

அந்த இன்னொரு தாள் 1985-ல் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்திலேயே கிடைத்தது. ஐசன்ஹோவரின் உதவியாளர் ராபர்ட் கட்லர், விமானப்படைத் தலைவர் ட்வைனிங்குக்கு 1954 ஜூலை 14 அன்று அனுப்பியதாகச் சொல்லும் சிறு குறிப்பு. அரசுக் காப்பகத்தில் இருந்தால் உண்மைதானே என்று பலர் நம்பினார்கள். காப்பக அதிகாரிகளே அதை ஆராய்ந்து பட்டியல் போட்டார்கள். மிக ரகசியத் தாளுக்கு இருக்க வேண்டிய பதிவு எண் இல்லை. அதிலிருந்த ரகசியக் குறியீடு நிக்ஸன் காலத்துக்கு முன் புழக்கத்திலேயே இல்லை. அன்றைக்குக் கட்லர் அமெரிக்காவிலும் இல்லை, வெளிநாட்டு ராணுவத் தளங்களைப் பார்க்கப் போயிருந்தார். உள்ளே இருப்பதைத் திருடுவதைத் தடுக்கத்தான் காப்பகங்கள் கவனமாக இருக்கும். வெளியிலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து செருகுவார்கள் என்று யார் எதிர்பார்ப்பார்? 1988-ல் எஃப்.பி.ஐ. விசாரித்தபோது, ஐசன்ஹோவர் குறிப்பு முழுப் போலி என்று விமானப்படை பதில் சொல்ல, கோப்பு மூடப்பட்டது.

போலி என்பதோடு பேச்சு முடிந்துவிடுவதுதான் என்னை உறுத்துகிறது. 'மெஜஸ்டிக் 12' என்ற பெயர் அந்த ஃபிலிம் சுருளில் பிறக்கவில்லை. 1980 நவம்பர் தேதியிட்ட ஒரு தந்தியில் 'எம்.ஜே. ட்வெல்வ்' ஏற்கெனவே வந்துவிட்டது. அந்தத் தந்தியின் கதை, ஃபிலிமில் முத்திரையாக இருந்த அதே ஆல்புகெர்க்கியில் நடந்தது.

அங்கே கர்ட்லண்ட் விமானப்படைத் தளத்தின் ஓரத்தில் ஈரப்பத அளவைக் கருவிகள் செய்யும் நிறுவனம் நடத்தியவர் பால் பென்னவிட்ஸ். தளத்தை ஒட்டிய மன்சானோ மலையில்தான் அப்போது அணு ஆயுதங்கள் வைக்கப்பட்டிருந்தன. 1979 வாக்கில் அந்தப் பக்கம் விநோத வெளிச்சங்களைக் கண்டார், படம் எடுத்தார், ரேடியோ சிக்னல்களையும் பிடித்துப் பதிவு செய்தார். நல்ல குடிமகனாக 1980-ல் தளத்துக்கே போய் எல்லாவற்றையும் ஒப்படைத்தார். அவை தளத்தின் சொந்தச் சோதனைகள் என்பது பிற்பாடு இதைப் புத்தகமாக எழுதிய கிரெக் பிஷப்பின் கணிப்பு. 'அது எங்களுடைய வேலை, தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் நம்பியதையே ஊதிப் பெரிதாக்கினார்கள்.

விமானப்படைப் புலனாய்வுப் பிரிவின் ரிச்சர்ட் டோட்டி அந்த வேலையில் இருந்தார். பென்னவிட்ஸுக்குப் பொய்த் தகவல் கொடுத்ததை அவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். பில் மூரும் அதில் உண்டு. 1989 ஜூலை 1 அன்று லாஸ் வேகஸில், பறக்கும் தட்டு ஆய்வாளர்கள் நிறைந்த அரங்கில் எழுந்து அவரே சொன்னார்: பென்னவிட்ஸ் என்ன செய்கிறார், எதை நம்புகிறார் என்று புலனாய்வுப் பிரிவுக்குத் தகவல் கொடுத்து வந்தேன். பதிலுக்கு உள்ளிருந்து ரகசியங்கள் கிடைக்கும் என்பது அவர் எதிர்பார்ப்பு. 'எம்.ஜே. ட்வெல்வ்' என்ற பெயர் வந்த அந்த 1980 தந்தியும், உண்மையான ஒன்றை எடுத்துத் திருத்தி மறுபடி தட்டச்சு செய்தது என்றார். அரங்கில் கூச்சலும் வசையும் எழுந்தன.

பென்னவிட்ஸ் எந்த நிலைக்குப் போனார் என்பதும் மூர் சொல்லித்தான் தெரியும். தூக்கமில்லை. விடாமல் சிகரெட். கதவுகளுக்குக் கூடுதல் பூட்டு, வீடு முழுக்கத் துப்பாக்கியும் கத்தியும். வடக்கே டல்ஸி ஊரருகே மலைக்கு அடியில் வேற்றுக்கிரகவாசிகள் தளம் அமைத்திருப்பதாக உறுதியாக நம்பினார். 1988-ல் குடும்பத்தார் அவரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். 2003-ல் இறந்தார். டல்ஸி கதை இன்னும் புத்தகம் புத்தகமாக விற்கிறது. வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கதை யார் செலவில் உருவானது என்று தெரியும்?

அரசிடம் மறைக்க எதுவுமே இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் காகிதங்களை யாரும் சீந்தியிருக்க மாட்டார்கள். ஆனால் ரகசியம் நிஜமாகவே இருந்தது. 1947 ராஸ்வெல் சிதறல்கள், சோவியத் அணுச் சோதனைகளைக் கேட்க வானில் விட்ட 'மொகல்' திட்டப் பலூனுடையவை என்று விமானப்படை 1994-ல்தான் சொன்னது. ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளிலும் வந்த பறக்கும் தட்டுப் புகார்களில் பாதிக்கு மேல் யு-2 போன்ற தங்கள் உளவு விமானங்களால் வந்தவை என்று சி.ஐ.ஏ.வின் வரலாற்றாளர் ஜெரால்ட் ஹெய்ன்ஸ் 1997-ல் எழுதினார். அந்த ஆண்டுகளில் சாட்சி சொன்னவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் பனிப்படிகம், தட்பவெப்பம் என்ற சமாதானங்கள்தான். கண்ணால் கண்டதைச் சொன்னவரை அப்படித் திருப்பி அனுப்பிய அரசை, அடுத்த முறை அது உண்மை சொன்னாலும் அவர் எதற்கு நம்ப வேண்டும்?

எண்பதுகளில் விமானப்படைக் கர்னல் ஒருவர், ஏரியா 51 அருகே மதுக்கடை வைத்திருந்தவரிடம் போலிப் பறக்கும் தட்டுப் படங்களைக் கொடுத்துவிட்டு வந்தார் என்று வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 2025 ஜூனில் எழுதியது. ரேடாருக்குத் தப்பும் எஃப்-117 விமானத்தை மறைக்க, மேலிடத்து உத்தரவின்படி செய்தது. பறக்கும் தட்டுப் புகார்களை ஆராயும் பென்டகன் அலுவலகத்துக்கு இது தெரிந்திருந்தும் 2024 மார்ச்சில் வெளியான அதன் அறிக்கையில் இடம்பெறவில்லை. இன்னொரு அறிக்கையில் வரும் என்று 2025-ல் சொன்னார்கள். அது வரும்போது, கர்ட்லண்டில் தந்தியைத் திருத்தச் சொன்னது யார், ஒரு குடிமகனின் மனநிலை சரிவதைப் பார்த்த பிறகும் தொடரச் சொன்னது யார் என்பதைப் பெயர், பதவி, தேதியோடு அதில் எழுத வேண்டும். பென்னவிட்ஸின் குடும்பத்துக்கு அந்தப் பதில் நாற்பது ஆண்டுகளாகப் பாக்கி நிற்கிறது.