சிங்கவரமும் திருநாதர்குன்றும்: காத்திருத்தல் பற்றி ஒரு விளக்கம்

‘நம்ம கையில என்ன இருக்கு, எல்லாம் அவன் பார்த்துக்குவான்’ என்று நம் சங்கத்து வைணவ அன்பர்கள் சொல்வதுண்டு. ‘அப்படின்னா கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதானா?’ என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். சமணனான என்னிடம் வரும் கேள்வியே வேறு: ‘உங்க அருகன் ஒண்ணும் தரமாட்டார்னா, எதுக்கு நயினார் கோயிலுக்குப் போறீங்க?’ மும்பையில் ஜவுளி வியாபாரம் செய்துகொண்டு, கடை சாத்திய பிறகு படித்தவன் நான். படித்த அளவில் இவ்விரண்டு கேள்விகளையும் சேர்த்தே விளக்க முற்படுகிறேன்.

முதலில் சரணாகதி. இதற்கு ஆறு கூறுகள் சொல்வார்கள். இறைவனுக்கு உகந்ததைச் செய்ய உறுதிகொள்ளல், உகவாததை விடுதல், அவன் காப்பான் என்ற அசையாத நம்பிக்கை, காக்கும்படி வேண்டுதல், தனக்கு வேறு கதியில்லை என்று உணர்தல், தன்னையே ஒப்படைத்தல் என்பன அவை. முதல் இரண்டையும் கவனியுங்கள். இரண்டும் நாம் செய்ய வேண்டிய காரியங்கள். சோம்பேறிக்கு அங்கேயே கதவு சாத்தியாகிவிட்டது.

வைணவத்திற்குள்ளேயே இதில் இரண்டு கட்சிகள் உண்டு. குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்கிறது. அதுபோல ஜீவன் சரணடைதல் என்ற ஒரு செயலையாவது செய்ய வேண்டும் என்பது வேதாந்த தேசிகர் வழிவந்த வடகலையார் கொள்கை. பூனைக்குட்டி ஒன்றும் செய்வதில்லை. தாய்ப்பூனைதான் கவ்விக்கொண்டு போகிறது. அருளுக்கு நம் செயல் ஒரு காரணமே ஆகாது என்பது பிள்ளை லோகாசாரியர் வழிவந்த தென்கலையார் கொள்கை.

இனி வரலாற்றைப் பாருங்கள். 1323இல் டில்லிப் படை திருவரங்கத்தின் மேல் வந்தது. அப்போது நம்பெருமாளை எடுத்துக்கொண்டு தெற்கே புறப்பட்டவர் முதியவரான அதே பிள்ளை லோகாசாரியர்தான் என்கிறது வைணவ மரபு. மதுரைப் பக்கம் ஜோதிஷ்குடியில் அவர் காலமானார். பூனைக்குட்டி வழியைச் சொன்னவரே தாய்ப்பூனையாகிப் பெருமாளைச் சுமந்திருக்கிறார்! பெருமாள் காப்பான் என்று அவர் சும்மா இருக்கவில்லை. சுமந்ததால் தாமே காத்ததாக எண்ணவும் இல்லை. தேசிகரோ சுருதப்பிரகாசிகை என்ற நூலின் சுவடியைக் காப்பாற்றிக்கொண்டு வெளியேறினார் என்பார்கள்.

அதன்பின் அழகர்கோயில், மலையாள நாடு, மேல்கோட்டை, திருமலை என்று நம்பெருமாள் ஊர் ஊராகச் சென்றார். கடைசியாக, விஜயநகரத்தாரின் அதிகாரியான கோபணாரியர் அவரைத் திருமலையிலிருந்து செஞ்சிக்குக் கொண்டுவந்து, பக்கத்துச் சிங்கவரத்தில் சிலகாலம் வைத்து வழிபட்டு, 1371இல் திருவரங்கத்தில் மீண்டும் எழுந்தருளச் செய்தார். ஆக 48 வருடக் காத்திருப்பு. புறப்படும்போது உடன் போனவர்களில் பலர் திரும்பியதைப் பார்க்கவில்லை. ஆனாலும் சுமப்பதை அடுத்த ஆள் கையில் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். நம்பிக் காத்திருத்தல் என்பதற்கு இதைவிட நல்ல உரை எனக்குத் தெரிந்து இல்லை.

அந்தச் சிங்கவரத்துக்கு அருகில்தான் எங்கள் சமணர் போற்றும் திருநாதர்குன்று இருக்கிறது. பாறையில் 24 தீர்த்தங்கரர்களும் இரண்டு வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். அங்கே கி.பி. 5-6ஆம் நூற்றாண்டினது எனக் கருதப்படும் ஒரு கல்வெட்டு உண்டு. சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைச் சொல்வது அது. அவரும் காத்திருந்தார். ஆனால் யாரும் வந்து தூக்கிச் செல்வார்கள் என்று அல்ல. கட்டிய வினை கழியும்வரை கலங்காமல் இருந்தார்.

எங்கள் கொள்கைப்படி அருகன் விருப்பு வெறுப்பற்றவன். கேட்டால் தருவதும் இல்லை, கேளாவிட்டால் கோபிப்பதும் இல்லை. அவன் குணம் நமக்கு வரவேண்டும் என்றுதான் வணங்குகிறோம். அருகர், சித்தர், சாதுக்கள், அறம் என நான்கைச் சரணம் என்று நாங்களும் தினமும் சொல்கிறோம். வழிகாட்டியைச் சரணடைகிறோம், நடப்பது நம் கால். துறவி தாங்க வேண்டிய துன்பங்கள் 22 என்று தத்துவார்த்த சூத்திரம் வகுக்கிறது. அதில் ஒன்று ‘அலாபம்’, அதாவது பிச்சை கிடைக்காதபோதும் மனம் சுளிக்காதிருத்தல். லாபக் கணக்கு எழுதும் என் போன்றவர்கள் இந்த ஒரு சொல்லை மனத்தில் வைத்தாலே போதும்.

அப்படியானால் சமணன் தன்னையே நம்புகிறவனா? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். உயிரைக் கட்டும் கஷாயங்கள் நான்கு: கோபம், மானம், மாயை, லோபம். ‘மானம்’ என்றால் இங்கே செருக்கு என்று பொருள். ‘என் முயற்சியால் ஆச்சு’ என்ற நினைப்பே புது வினையைக் கட்டிவிடும். முயற்சி வேண்டும், முயன்றவன் நான் என்ற மிதப்பு கூடாது.

2005 ஜூலை 26 மும்பை வெள்ளம் பலருக்கு நினைவிருக்கும். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. குர்லாவில் என் கிடங்கிலும் பக்கத்து வைணவ நண்பர் கிடங்கிலும் இடுப்பளவு தண்ணீர். இருபது வருடச் சாமர்த்தியம் ஒரு ராத்திரியில் ஊறிப்போய்க் கிடந்தது. அவர் ‘பெருமாள் விட்ட வழி’ என்றார். நான் ‘வினை’ என்றேன். சொல்லிவிட்டு இரண்டு பேரும் ஒரே கயிற்றில்தான் துணியைக் காயப்போட்டோம். முதலுக்கே மோசமான அந்த வருடத்தில், ‘நான் மட்டும் கெட்டிக்காரனா இருந்தா தப்பிச்சிருப்பேன்’ என்ற எண்ணம் எங்கள் இருவரையும் அரிக்கவில்லை. தூக்கம் வந்தது. அதுதான் கண்ட பலன்.

இரண்டு சமயமும் ஒன்றே என்று பூசிமெழுக நான் வரவில்லை. காக்க ஒருவன் இருக்கிறான் என்பது அவர்கள் உறுதி. வினையைத் தானே கழிக்க வேண்டும் என்பது எங்கள் உறுதி. இந்த வேற்றுமை தீராது, தீர வேண்டியதும் இல்லை. ஆனால் வேலையைக் கீழே போடாமல் ‘நான்’ என்பதை மட்டும் கீழே போடு என்பதில் இருவரும் ஒரே பேச்சு. விடுமுறைக்கு ஊருக்குப் போகும் அன்பர்கள் ஒரு நாள் செஞ்சியில் இறங்கி, சிங்கவரத்தையும் திருநாதர்குன்றையும் சேர்த்தே பார்த்து வாருங்கள். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள்.