குருதித்துளி கூறும் உண்மை

எச்.ஐ.வி. தொற்றுள்ள தாயிடமிருந்து அவர்தம் குழந்தைக்குக் கருவுற்றிருக்கும் காலத்திலோ மகப்பேற்றின்போதோ பாலூட்டும்போதோ அத்தொற்று பரவக்கூடும். உரிய மருந்துகள் இப்பரவலைப் பெருமளவு தடுக்கின்றன. எனினும், பிறந்த குழந்தைக்குத் தொற்று உள்ளதா என்பதை விரைந்து அறிதல் இன்றியமையாதது.

பெரியவர்களுக்குச் செய்யப்படும் வழக்கமான ஆய்வு, வைரசை எதிர்த்து உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்களைக் கொண்டே தொற்றை உறுதிசெய்கிறது. கருவிலிருக்கும் குழந்தைக்குத் தாயின் எதிர்ப்பொருள்களும் நஞ்சுக்கொடி வழியே சென்று சேர்கின்றன. பிறந்தபின் 18 மாதங்கள் வரை அவை குழந்தையின் குருதியில் தங்கக்கூடும். ஆதலால், தொற்றில்லாத குழந்தைக்கும் அவ்வாய்வு தொற்று இருப்பதாகக் காட்டலாம். எதிர்ப்பொருள்கள் மறையும்வரை காத்திருப்பதும் பேரிடரே. மருத்துவம் பெறாத தொற்றுற்ற குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதிப்பேர் இரண்டு வயதிற்குள் இறந்துவிடுகின்றனர்.

வைரசின் மரபுப்பொருளையே நேரடியாகக் கண்டறியும் பாலிமரேஸ் சங்கிலி வினை இச்சிக்கலைத் தீர்த்தது. ஆயினும், அதற்குரிய ஆய்வகங்கள் பெருநகரங்களிலேயே இருந்தன. குருதியைக் குளிர்நிலையில் வைத்துத் தொலைவிலுள்ள சிற்றூர்களிலிருந்து அனுப்புவது எளிதன்று. இதற்கு வழிகாட்டியது ஒரு வடிதாள். 1960களில் அமெரிக்க மருத்துவ அறிஞர் இராபர்ட் கத்ரி, பிறவி வளர்சிதைமாற்றக் குறைபாட்டைக் கண்டறிய இம்முறையைக் கையாண்டார். பின்னாளில் அது எச்.ஐ.வி. ஆய்விற்கும் பயன்பட்டது.

குழந்தையின் குதிகாலில் சிறு ஊசிமுனையால் குத்தி, வடிதாளில் அச்சிடப்பட்ட வட்டங்களில் குருதித்துளிகளை நிரப்புவர். வெயில் படாமல் நன்கு உலர்த்தியபின், ஈரம் உறிஞ்சும் பொருளுடன் உறையிலிட்டு ஆய்வகத்திற்கு அனுப்புவர். குளிர்ப்பெட்டி தேவையில்லை. ஆய்வகத்தில் தாளின் சிறு பகுதியை வெட்டியெடுத்து, அதிலுள்ள மரபுப்பொருளைப் பிரித்து, பன்மடங்காகப் பெருக்கி ஆராய்வர்.

விரைந்தறிவதன் பயனைத் தென்னாப்பிரிக்காவில் நிகழ்ந்த ஆய்வொன்று மெய்ப்பித்தது. நோய்க்குறிகள் தோன்றும்வரை காத்திராமல், பிறந்த சில வாரங்களிலேயே மருந்து பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 76 விழுக்காடு குறைந்தது. 2008இல் இம்முடிவுகள் வெளியாயின. இந்தியாவில் குழந்தைகளுக்கான தொடக்கநிலைக் கண்டறிதல் திட்டம் 2010இல் தொடங்கியது. குழந்தை பிறந்து ஆறு வாரங்களானதும் முதல் ஆய்வு செய்யப்படுகிறது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளிலுள்ள நம்பிக்கை மையங்களில் இதற்குரிய ஆலோசனையைப் பெறலாம்.

முதல் ஆய்வில் தொற்று இல்லை எனத் தெரிந்தாலும் தாய்ப்பால் தொடரும்வரை மறு ஆய்வு தேவை. 18 மாதங்களுக்குப் பின்னரே இறுதி முடிவு கூறப்படும். தொற்று உண்டெனத் தெரிந்தால், இரண்டாவது மாதிரியால் அதனை உறுதிப்படுத்துவதோடு மருந்தும் தாமதமின்றித் தொடங்கப்படும். தாளில் உலர்ந்த குருதி ஆய்வகத்தை அடைவது பாதிப் பயணமே. அதன் முடிவு உரிய காலத்தில் தாயின் கைக்குத் திரும்பும்போதுதான் ஓர் உயிர் காக்கப்படுகிறது.