டிரோஜன்: அறிதலும் அகற்றலும்

டிரோஜன், வைரஸைப் போலத் தானே பரவுவதில்லை. பயனரே அறியாது அதனை உள்ளே அழைத்துக்கொள்கிறார். வரி அறிவிப்பு, கட்டண ரசீது என்ற பெயரில் மின்னஞ்சலில் வரும் கோப்புகளும், இலவசமாகக் கிடைக்கும் திருட்டு மென்பொருள்களும் அதன் வழிகள்.

2007-ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட ஸீயஸ் இவ்வகையைச் சேர்ந்தது. வங்கியின் உண்மையான இணையதளத்தில் வாடிக்கையாளர் இடும் கடவுச்சொல்லை, பிரவுசருக்குள் மறைந்திருந்து அது கவர்ந்தது. திருட்டு நிகழ்வது கணினிக்குள் என்பதால், முகவரிப் பட்டையில் தெரியும் பூட்டுக் குறி இங்குக் காப்பாகாது.

ஐயம் எழுந்தவுடன் இணைய இணைப்பைத் துண்டிக்க வேண்டும். அதே கணினியில் கடவுச்சொல்லை மாற்றினால் புதியதும் களவு போகும். எனவே வேறொரு பாதுகாப்பான கருவியில் மாற்றி, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். நீக்கும் கருவியை வேறு கணினியில் பதிவிறக்கி, பென் டிரைவில் கொணர்ந்து, சேஃப் மோடில் முழுச் சோதனை நடத்துக. இந்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா இத்தகைய கருவிகளை இலவசமாக வழங்குகிறது. மீண்டும் தலைகாட்டினால், ஆவணங்களை மட்டும் நகலெடுத்துக்கொண்டு, விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே உறுதியான தீர்வு.

கணக்கிலிருந்து பணம் சென்றிருப்பின், 1930 என்ற எண்ணை உடனே அழைக்கவும். தாமதமின்றிப் புகார் செய்தால், பணம் கைமாறுமுன் நிறுத்திவைக்க வாய்ப்பு மிகுதி.