ஜிகர்தண்டா பிசின் பசியை அடக்குமா?

இந்த வாரம் நேரா கேள்விக்கே போயிடலாம். நைட் ஷிஃப்ட்ல வேலை பாக்குற ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார்: "ராத்திரி சாப்பாட்டுக்குப் பதிலா ஊறவச்ச பாதாம் பிசின் மட்டும்தான் சாப்பிடுறேன் ப்ரோ. ரீல்ஸ்ல இதை இயற்கை ஓசெம்பிக்னு சொல்றாங்க. அம்மாவுக்கு சுகர், அவங்களுக்கும் குடுக்கலாமா?"

மதுரைக்காரங்களுக்கு பிசினை அறிமுகப்படுத்தத் தேவையில்ல. ஜிகர்தண்டா கிளாஸ்ல ஸ்பூனுக்குச் சிக்காம வழுக்குமே, அந்தக் கண்ணாடித் துண்டுதான். ஒரு சின்ன கட்டியை ராத்திரி தண்ணியில போட்டா காலையில கிண்ணம் நிறைஞ்சிருக்கும். அதைச் செரிக்கிற என்சைம் நம்மகிட்ட கிடையாது. அதாவது, அது நார்ச்சத்து. நார்னாலே வாழைத்தண்டு நறுக்கும்போது விரல்ல சுத்துற நூல்தான் ஞாபகம் வரும். ஆனா வெண்டைக்காயோட கொழகொழப்பும் நார்தான்.

ரெண்டும் வேற வேற வேலை பாக்கும். கொழகொழ வகை, வயித்துல தண்ணியைப் பிடிச்சு கெட்டியாகும். சாப்பாடு சிறுகுடலுக்கு இறங்குறது மெதுவாகும், ரத்தத்துல சர்க்கரை ஏறுறதும் மெதுவாகும். நம்ம ஆபீஸ் பாஷையில சொன்னா ரேட் லிமிட்டர். எந்த ரிக்வெஸ்ட்டும் டிராப் ஆகாது, வரிசையில நின்னு வரும். தவிடு, தண்டு வகை நார் பெருங்குடல் வரைக்கும் போய், மலத்துக்கு கனம் குடுத்து நகர்த்திவிடும்.

பெருங்குடல்ல இருக்கிற பாக்டீரியா சில நார்களைப் புளிக்க வைக்கும். அப்போ வர்ற சின்ன கொழுப்பு அமிலங்கள், குடல் செல்களை ஜிஎல்பி-1ங்கிற ஹார்மோனைச் சுரக்க வைக்கும். மூளைக்கு 'போதும்'னு சொல்ற சிக்னல்கள்ல அது ஒண்ணு. ரீல்ஸ்காரங்க பிடிச்சுக்கிட்டது இந்த நூலைத்தான். ஆனா உடம்பு சுரக்கிற ஜிஎல்பி-1 சில நிமிஷத்துல பாதியா குறைஞ்சிடும். ஓசெம்பிக்ல இருக்கிற செமாக்ளூடைட் பாதியாகவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். ரெண்டையும் ஒரே பேர்ல கூப்பிடுறது, சைக்கிளையும் வைகை எக்ஸ்பிரஸையும் 'வண்டி'னு சொல்ற மாதிரி.

எனக்குப் பிடிச்ச ஆராய்ச்சி 1977-ல பிரிட்டன்ல நடந்தது. பத்து பேருக்கு ஆப்பிளை முழுசா, மசிச்சு, ஜூஸான்னு மூணு விதமா குடுத்தாங்க. சர்க்கரை அளவு ஒண்ணுதான். முழு ஆப்பிளைச் சாப்பிட சராசரியா 17 நிமிஷம், மசிச்சதுக்கு 6, ஜூஸுக்கு ஒன்றரை. வயிறு நிறைஞ்ச உணர்வும் அதே வரிசையில குறைஞ்சது. கவனிங்க, மசிச்சதுல நார் அப்படியேதான் இருந்துச்சு. உடைஞ்சது அதோட அமைப்பு. இதைச் செஞ்ச குழுவுல இருந்த கென் ஹீட்டன்தான் பின்னாடி மலத்தை ஏழு வகையா பிரிக்கிற பிரிஸ்டல் சார்ட்டையும் உருவாக்கினார். மனுஷன் கடைசி வரைக்கும் ட்ராக் பண்ணியிருக்கார்!

சரி, ராத்திரி என்ன சாப்பிடுறது? ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தோட 2017 அட்டவணைப்படி, 100 கிராம் கம்புல நார் 11 கிராமுக்கு மேல. வெள்ளை அரிசியிலயும் மைதாவுலயும் 3 கிராம்கூட இல்ல. நாலு புரோட்டா சாப்பிட்டுட்டு ஒரு மணிக்கு மறுபடியும் பசிக்குதுன்னா ஆச்சரியமில்ல. பேரையூர், கல்லுப்பட்டி பக்கம் விளையுற குதிரைவாலியும் நல்லதுதான். ஆனா கடையில வெள்ளை வெளேர்னு இருந்தா தவிட்டைத் தீட்டி எடுத்துட்டாங்கன்னு அர்த்தம், அதுக்கு அதிக காசு குடுக்காதீங்க. கம்மங்கூழைத் தண்ணியா கரைச்சு ஒரே மடக்குல குடிக்கிறதைவிட கெட்டியா கரைச்சு, வெங்காயம் கடிச்சுக்கிட்டு, கூட ஒரு கிண்ணம் சுண்டலோட சாப்பிடுங்க.

நண்பா, பிசினை சாப்பாட்டோட சேர்த்துக்கோங்க, சாப்பாட்டுக்குப் பதிலா வேணாம். ஒரே நாள்ல நாரை ரெட்டிப்பாக்கினா வயிறு உப்பும், அதனால கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க, தண்ணி நிறைய குடிங்க. பிசினோ இசப்கோலோ, சரியா ஊறாம விழுங்கினா தொண்டையிலயே உப்பி அடைக்கலாம். அம்மா விஷயத்துல ரொம்ப கவனம். சில சுகர் மாத்திரைகளைப் போட்டுட்டு சாப்பிடாம இருந்தா சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிடும். மாத்திரையையும் பிசினையும் ஒண்ணா குடுத்தா மருந்து உடம்புல சேர்றதும் மாறலாம். அவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு ஆரம்பிங்க. அதுவரைக்கும் அவங்க ராத்திரி சாப்பாட்டை நிறுத்தாதீங்க.