கிலோமீட்டர் சொல்லாத வயது

மும்பையில் பத்து ஆண்டுகளைக் கடந்த ஆடம்பர எஸ்.யூ.வி.களை விற்பவர்கள் முதலில் எடுத்துச் சொல்வது, வண்டி ஓடிய தூரம் குறைவு என்பதையே. ஆடி க்யூ7, மெர்சிடிஸ் ஜி.எல்., ரேஞ்ச் ரோவர் போன்ற, 2 டன்னுக்கு மேல் எடையுள்ள இந்த வண்டிகள் செகண்ட்ஹேண்டில் பழைய விலையின் ஒரு சிறு பகுதிக்கே கிடைத்தாலும், அவற்றின் உதிரிப் பாகங்களின் விலை அவ்வாறு இறங்குவதில்லை; ஆகவே தேய்மானத்தைத் தவறாகக் கணித்தவர் பெரும் பணத்தை இழக்கிறார். தவறு பெரும்பாலும் கிலோமீட்டரை வயதாகக் கொள்வதிலேயே தொடங்குகிறது.

மாட்டுங்காவிலிருந்து தாராவி வழியாகப் பாந்த்ரா-குர்லா வளாகத்துக்கு அன்றாடம் போய்வரும் வண்டி கடக்கும் தூரம் சிறிது. நெரிசலில் என்ஜின் ஓடும் நேரமோ மிகுதி. சராசரியாக மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் 40,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியின் என்ஜின் 2,600 மணி நேரத்துக்கு மேல் இயங்கியிருக்கும். அதே அளவு நேரத்தில் நெடுஞ்சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்ற வண்டி 1,60,000 கிலோமீட்டரை எட்டியிருக்கும். ஆயில் மாற்றத்தைத் தூரத்தை மட்டும் பார்த்துத் தள்ளிப்போடும்போது, வால்வுகளின் இயக்கத்தை ஒழுங்குபடுத்தும் டைமிங் செயின் விரைவில் தளர்கிறது. க்யூ7-இன் 3.0 லிட்டர் டீசல் என்ஜினில் இந்தச் செயின் கியர்பாக்ஸை ஒட்டிய பின்பக்கத்தில் அமைந்திருப்பதால், அதை மாற்றுவதற்குக் கழற்ற வேண்டியவை மிகுந்து, வேலைக்கூலியே பெருஞ்செலவாகிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி கட்டாயமான பிறகு வந்த, இவற்றைவிட இளைய டீசல் வண்டிகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. புகையிலுள்ள கரித்துகளைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப். என்னும் வடிகட்டி, சேர்ந்த கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வெப்பமும் தடைபடாத ஓட்டமும் வேண்டும். சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் பயணத்தில் அந்த வேலை பாதியில் அறுந்து, எரிப்பதற்காகச் செலுத்தப்பட்ட டீசலில் ஒரு பங்கு ஆயிலில் கலந்து அதை நீர்த்துப்போகச் செய்கிறது.

ரப்பர் பாகங்களோ வண்டி நின்றிருந்தாலும் மூப்படைகின்றன. எஃகுச் சுருள்களுக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர் பைகள் வண்டியைத் தாங்கும் அமைப்பே ஏர் சஸ்பென்ஷன். ஆண்டுகள் செல்லச் செல்லப் பைகளின் மடிப்புகளில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றிக் காற்று கசிய, அந்த இழப்பை ஈடுகட்டும் கம்ப்ரஸர் ஓயாமல் இயங்கிச் சூடேறிப் பழுதாகிறது. கசியும் பையை விட்டுவிட்டுக் கம்ப்ரஸரை மட்டும் மாற்றினால் புதியதும் அதே கதிக்கே ஆளாகும். இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் ஒரு மூலையில் தாழ்ந்திருப்பது இதன் தெளிவான அறிகுறி என்பதால், வாங்குபவர் என்ஜினை இயக்குவதற்கு முன்பே வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட வேண்டும். பெரும்பாலும் சுருள் வில்களை நம்பிய டொயோட்டா லேண்ட் குரூசர் 200 பழைய வண்டிச் சந்தையில் மதிப்பிழக்காமல் நிற்பதற்கு, இத்தகைய எளிய அமைப்பும் ஒரு காரணம்.

மும்பையின் மழையைத் தனியாகக் கணக்கில் கொள்ள வேண்டும். 2005 ஜூலை 26-இல் சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது; அதுபோன்ற வெள்ளத்தில் காற்று உறிஞ்சும் குழாய் வழியாக என்ஜினுக்குள் புகும் நீர், காற்றைப் போல அமுங்காததால், பிஸ்டனைத் தாங்கும் கம்பியையே வளைத்துவிடும். ஆயினும் அதிகம் கவனிக்கப்படாத சேதம் மேலிருந்து வருவது. மாட்டுங்காவின் ஃபைவ் கார்டன்ஸ் போன்ற மர நிழல்களில் நிறுத்தப்படும் வண்டிகளில், சன்ரூஃபின் நீரை வெளியேற்றும் மெல்லிய குழாய்களை இலைத்தூள் அடைத்துக்கொள்ள, மழைநீர் உட்கூரை வழியே இறங்கித் தரைவிரிப்பின் அடியில் தேங்குகிறது. பல ஐரோப்பிய வண்டிகளில் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் வைக்கப்பட்டிருப்பது அங்கேதான். இணைப்புகளில் களிம்பு ஏறி, பல மாதங்கள் கழித்துக் கதவோ கியரோ காரணமின்றி அடம்பிடிக்கும்போது, பழைய மழையை யாரும் நினைப்பதில்லை.

பழைய வண்டிக்கு ஆவணச் செலவும் உண்டு: பதிவுச் சான்று 15 ஆண்டுகளில் முடிந்து, பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கட்டண மாற்றம், 15 ஆண்டு கடந்த சாதாரணக் காருக்கு 5,000 ரூபாயும் இறக்குமதிக் காருக்கு 40,000 ரூபாயும் விதித்தது.

செலவைக் குறைக்க விரும்புவோருக்குக் குர்லாவின் சி.எஸ்.டி. சாலையிலுள்ள பழைய உதிரிப்பாகக் கடைகள் உதவுகின்றன. கதவு, விளக்கு, சஸ்பென்ஷன் ஆர்ம் போன்ற பாகங்களை அங்கே வாங்குவது நியாயமான வழியே. கட்டுப்பாட்டுப் பெட்டிகள் அப்படியல்ல, அவற்றுள் பல முதலில் பொருத்தப்பட்ட வண்டியின் அடையாள எண்ணோடு பிணைக்கப்பட்டிருப்பதால், மறுபடியும் நிரல் ஏற்றித் தருபவர் கிடைத்தாலொழிய இன்னொரு வண்டியில் இயங்குவதில்லை. வாங்கும் முன்பே அப்படி ஒரு மெக்கானிக்கைத் தேடி வைத்துக்கொள்வது, வண்டியின் விலையைப் பேரம் பேசுவதைவிட முக்கியமானது.