உப்புக் கரையில் ஒரு சின்ன மாத்திரை

ராமநாதபுரம் மாவட்டத்தின் வாலிநோக்கம், மாரியூர் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை உப்புப் பாத்திகள். 1974இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பளம் இங்கேதான் இருக்கிறது. அங்கிருந்து கரையோரமாக ஏர்வாடி, கீழக்கரை, மண்டபம், பாம்பன் என்று வந்தால், மீனைக் கீறிக் குடலை எடுத்து, உப்பைத் திணித்து, மணலில் காயப்போட்டுக் கருவாடாக்கும் ஊர்கள். பலருக்குப் பிழைப்பும் உப்பில், பழைய கஞ்சிக்குத் தொட்டுக்கொள்வதும் உப்பில்.

உப்பு அதிகமானால் பிரஷர் ஏறும் என்பது இப்போது எல்லாருக்கும் தெரியும். பிரஷர் ஏறினால் மாத்திரை போட வேண்டும் என்பதும் தெரியும். ஆனாலும் 2020இல் தமிழ்நாடு முழுக்க நடந்த ‘ஸ்டெப்ஸ்’ ஆய்வு சொன்ன கணக்கு மருத்துவர்களையே திடுக்கிட வைத்தது. பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் வெறும் 7.3 சதவீதம். நூறு பேருக்குப் பிரஷர் என்றால் தொண்ணூறுக்கு மேற்பட்டவர்களுக்கு அது அடங்கவில்லை. சிலருக்குப் பிரஷர் இருப்பதே தெரியாது. சிலர் தெரிந்தும் மாத்திரை தொடங்கவில்லை. தொடங்கியவர்களிலும் பலர் பாதியில் விட்டுவிட்டார்கள்.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கப்பட்டது. மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்த பெண் தன்னார்வலர்கள், பிரஷர் கருவியும் சர்க்கரை பார்க்கும் கருவியும் அடங்கிய பையோடு வீடு வீடாக வருகிறார்கள். ஏற்கெனவே நோய் கண்டறியப்பட்டவர்களுக்கு மாதாந்திர மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். 2024இல் ஐ.நா.வின் தொற்றாநோய்களுக்கான பன்முகமைப் பணிக்குழு இத்திட்டத்துக்கு விருது வழங்கியது. கடலோரத்தில் இதன் அருமை இன்னும் கூடுதல். ஒரு பிரஷர் மாத்திரைக்காக ஆரம்ப சுகாதார நிலையத்தில் அரை நாள் காத்திருந்தால், உப்பளத்திலோ மீன் ஏலத்திலோ அன்றைய கூலி போய்விடும்.

மாத்திரை வாசலுக்கு வந்துவிட்டது. அது தினமும் வாய்க்குள் போகிறதா என்பதுதான் மீதிக் கதை.

அந்த மாத்திரை அட்டையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பின்புறத்தில் மருத்துவர் சீட்டைக் குறிக்கும் அடையாளமும், ‘ஹெச்’ அட்டவணை மருந்து என்ற எச்சரிக்கையும் அச்சிடப்பட்டிருக்கும். 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின்படி, பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் இதை விற்கக் கூடாது. நடப்பதோ வேறு. பழைய அட்டையின் கிழிந்த துண்டை நீட்டினாலே கடையில் பத்து மாத்திரை வெட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். அட்டையில் இன்னொரு நுட்பமும் உண்டு. ‘அம்லோடிபின் 5 மி.கி.’ என்பதும் ‘எஸ்-அம்லோடிபின் 2.5 மி.கி.’ என்பதும் ஏறத்தாழ ஒரே வீரியம் கொண்டவை. இது தெரியாமல், “பாதிதானே இருக்கு” என்று இரண்டாவதை இரண்டிரண்டாகப் போட்டால், எழுந்து நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வரும்.

பிரஷருக்கு மருந்து என்று ஒன்று கிடைத்ததே சமீபத்திய கதைதான். அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டு இறந்தார். அன்று அவருடைய பிரஷரின் மேல் அளவு 300ஐத் தொட்டது. உலகின் சக்தி வாய்ந்த மனிதரின் அழுத்தத்தை இறக்க அவருடைய மருத்துவர்களிடம் உருப்படியான மருந்து இல்லை. அடுத்த நான்காண்டுகளில் பம்பாயிலிருந்து ஒரு விடை வந்தது. நம் வைத்தியர்கள் காலங்காலமாகப் பயன்படுத்திய சர்ப்பகந்தி வேரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல், அதன் முடிவுகளை 1949இல் பிரிட்டனின் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தது. பிரஷர் இறங்கியது, ஆனால் சிலருக்கு மனச்சோர்வு வந்தது. அதைவிடச் சாதுவான மருந்துகள் பிறகு வரிசையாக வந்தன: 1950களின் இறுதியில் சிறுநீரைப் பெருக்கும் தயசைடு, 1960களில் மருந்தியலாளர் ஜேம்ஸ் பிளாக் உருவாக்கிய புரோப்ரனலால், பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் விஷத்தை ஆராய்ந்ததிலிருந்து பிறந்து 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கேப்டோப்ரில்.

இன்று பயன்பாட்டில் உள்ள மருந்துகள் ஒவ்வொன்றும் உடம்பின் ஒவ்வோர் இடத்தில் வேலை செய்கின்றன. சிறு தமனிகளின் சுவரில் தசை இருக்கிறது. கால்சியம் உள்ளே நுழைந்தால் அந்தத் தசை இறுகும், குழாய் ஒடுங்கும், அழுத்தம் ஏறும். அம்லோடிபின் அந்தக் கால்சியத்தின் வாசலை அடைக்கிறது. எனலாப்ரில், ரத்தக்குழாயை இறுக்கும் ஆஞ்சியோடென்சின் உற்பத்தியாவதைத் தடுக்கிறது. லோசார்டானும் டெல்மிசார்டானும் அதே ஆஞ்சியோடென்சின் போய் ஒட்டும் இடத்தை மறிக்கின்றன. அடெனலால் இதயத்தின் வேகத்தைக் குறைக்கிறது. தயசைடு வகை, படகில் தேங்கிய தண்ணீரை இறைத்துக் கொட்டுவதுபோல, கூடுதலான உப்பையும் நீரையும் சிறுநீரகம் வழியாக வெளியேற்றுகிறது.

இதில் எந்த மருந்து உசத்தி என்று கேட்டால் ஒரே பதில் இல்லை. வயது, சர்க்கரை நோய், சிறுநீரகத்தின் நிலை, இதயத் துடிப்பு எல்லாவற்றையும் பார்த்துத்தான் மருத்துவர் எழுதுகிறார். பக்கத்து வீட்டு அண்ணனுக்கு ஒத்துக்கொண்ட மாத்திரை உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. கருவுற்ற பெண்களுக்கோ எனலாப்ரில், லோசார்டான் வகைகள் கூடவே கூடாது. சிசுவின் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

பாதியில் விடுவதற்கு மக்கள் சொல்லும் காரணங்கள் இரண்டு மூன்றுதான். முதலாவது, “எனக்கு ஒண்ணும் செய்யலையே, எதுக்கு மாத்திரை?” பிரஷர் வலிக்காது. தலைவலி, கிறுகிறுப்பு வந்தால்தான் பிரஷர் என்று நினைப்பது தப்பு. மேல் அளவு 170 இருக்கும்போதும் ஒருவர் வலை இழுப்பார், உப்பு வாருவார், ஒன்றும் தெரியாது. இரண்டாவது, “மாத்திரை போட்டுச் சரியாயிருச்சு.” அளவு 130க்கு வந்தது மாத்திரையால்தான், நிறுத்தினால் சில நாட்களிலோ வாரங்களிலோ பழையபடி ஏறும். அடெனலால் போன்றவற்றைத் திடீரென நிறுத்துவது, குறிப்பாக இதய நோயாளிகளுக்கு, ஆபத்து. மூன்றாவது, கால் வீக்கம். அம்லோடிபின் போடுகிறவர்களில் சிலருக்குச் சாயங்காலமானால் கணுக்கால் பக்கம் அமுக்கினால் குழி விழும். கிட்னி போய்விட்டது என்று பயந்து அட்டையையே தூக்கி எறிகிறார்கள். சிறு தமனிகள் விரிவதால் நீர் கசிந்து வரும் வீக்கம் அது. சில சமயம் வேறு காரணமும் இருக்கலாம் என்பதால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அளவைக் குறைத்தோ, டெல்மிசார்டான் போன்ற ஒன்றைச் சேர்த்தோ அவர் சரிசெய்வார். எனலாப்ரில் தரும் வறட்டு இருமலுக்கும் இப்படி மாற்று உண்டு.

மீனவருக்கு இன்னொரு சிக்கல், நேரம். ராமேஸ்வரம் விசைப்படகுகள் காலையில் கிளம்பினால் மறுநாள் காலையில்தான் கரை திரும்பும். “காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு” என்று சீட்டில் எழுதினால், அந்தச் சாப்பாடு எப்போது என்று படகில் யாருக்கும் தெரியாது. இதற்கு அறிவியல் கைகொடுக்கிறது. பிரிட்டனில் 21,104 பேரிடம் நடந்து 2022இல் வெளியான ‘டைம்’ ஆய்வு, மாத்திரையைக் காலையில் போட்டாலும் இரவில் போட்டாலும் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுப்பதில் வித்தியாசமில்லை என்று காட்டியது. எனவே தனக்குத் தோதான, மறக்காத நேரத்தைத் தேர்ந்துகொள்ளலாம். அதிலும் அம்லோடிபின் மெதுவாகக் கரையும் மருந்து. ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய 30 முதல் 50 மணி நேரம் ஆகிறது. ஒரு வேளை சில மணி நேரம் தள்ளிப்போனால் குடிமுழுகிவிடாது. மறந்துவிட்டால் நினைவு வந்ததும் ஒன்று போட்டால் போதும். ஈடுகட்ட இரண்டாகப் போடக் கூடாது.

ஆனால் தயசைடு போடுகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். உப்பளத்திலும் படகின் மேல்தளத்திலும் வியர்வையிலேயே உடம்பு நீர் வற்றிப்போகிறது. அதோடு வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் அழுத்தம் தாறுமாறாக இறங்கி மயக்கம் வரலாம். வெயிலில் என்ன வேலை செய்கிறோம் என்பதை மருத்துவரிடம் சொன்னால்தான் அவர் அதற்கேற்ப எழுத முடியும்.

இதைவிடப் பெரிய வில்லன் உடம்புவலி மாத்திரை. இரவெல்லாம் வலை இழுத்தவர் விடிந்ததும் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோபினாக், ஐபுபுரூஃபன் போன்றவை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, பிரஷர் மாத்திரையின் வேலையைக் கெடுக்கின்றன. எனலாப்ரில் அல்லது லோசார்டானுடன் தயசைடும் போட்டுக்கொண்டு, மேலே இந்த வலி மாத்திரையும் போட்டால் சிறுநீரகம் சட்டென்று படுத்துவிடக்கூடும்.

ஒரே மாத்திரையின் அளவை ஏற்றிக்கொண்டே போவதா, சின்ன அளவில் இரண்டு மூன்றைச் சேர்ப்பதா? இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் பாக் நீரிணைக்கு அந்தப் பக்கமிருந்தே வந்தது. இலங்கையில் 11 மருத்துவமனைகளில் 700 நோயாளிகளிடம் நடந்த ‘டிரையம்ஃப்’ ஆய்வில், ஒரு பிரிவினருக்கு டெல்மிசார்டான் 20, அம்லோடிபின் 2.5, குளோர்தாலிடோன் 12.5 மி.கி. மூன்றையும் அடக்கிய ஒரே மாத்திரை தரப்பட்டது. மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை. ஆறு மாதத்தில் மூன்று-மருந்து மாத்திரை போட்டவர்களில் 70 சதவீதம் பேர் இலக்கைத் தொட்டார்கள். வழக்கமான சிகிச்சையில் 55 சதவீதம்தான். பக்க விளைவால் விலகியவர்கள் இரண்டு பிரிவிலும் ஏறத்தாழ ஒரே அளவு. முடிவுகள் 2018இல் வெளியாயின. மறு ஆண்டே உலக சுகாதார நிறுவனம், இரண்டு பிரஷர் மருந்துகள் சேர்ந்த ஒற்றை மாத்திரைகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஏற்றியது. “ஒண்ணு பத்தாதுன்னு ரெண்டாக்கிட்டாரே, நோய் முத்திருச்சா?” என்று கலங்க வேண்டியதில்லை.

இனி உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழ், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக, என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழம்பு, கஞ்சி, ஊறுகாய், கருவாடு என்று ஒரே தட்டில் சேரும்போது அந்த எல்லை மதியத்துக்குள் தாண்டிவிடும். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கும் நம் வீட்டுப் பழக்கம் நல்லதுதான். குழம்புக்குத் தனியாக உப்புப் போடாமலிருந்தால் இன்னும் நல்லது. சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் கலந்த உப்பும் கடைகளில் கிடைக்கிறது. சீனாவின் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், இந்த உப்புக்கு மாறியவர்களிடம் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இது ஆகாது. எனலாப்ரில், லோசார்டான் வகை போடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மாறக் கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு? 123 ஆய்வுகளை, ஆறு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் விவரங்களைத் திரட்டி 2016இல் வெளியான அலசல் சொல்கிறது: மேல் அளவு 10 புள்ளி குறைந்தால் பக்கவாதம் 27 சதவீதம் குறைகிறது, இதயச் செயலிழப்பு 28 சதவீதம் குறைகிறது. ரத்தக் கட்டி அடைத்து வரும் பக்கவாதத்துக்கு, கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். நடுக்கடலில் ஒருவருக்குக் கை விழுந்து வாய் கோணினால், படகு கரை சேரவே அந்த நேரத்தில் பெரும்பகுதி போய்விடும். அப்புறம் ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரத்துக்கு இன்னும் 55 கிலோமீட்டர். மாவட்டத் தலைநகரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது ஆறுதல்தான் என்றாலும், கடலின் தூரத்தை எந்தக் கட்டடமும் குறைத்துவிடாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறி, பலகை மாற்றி, வண்ணம் பூசி, இயந்திரம் கழற்றிப் பார்க்கப்படும் காலம் அது. அந்த இரண்டு மாதத்தில் படகில் போகிற ஆளையும் ஒருமுறை பார்த்துவிடலாம். 30 வயது தாண்டியவர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், காபியும் பீடியும் இல்லாமல் அரை மணி நேரம் கழிந்த பிறகு, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, பிரஷரை இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள். 140/90ஐத் தாண்டினால் இன்னொரு நாளும் பார்த்து மருத்துவரைக் கேளுங்கள். ஏற்கெனவே மாத்திரை போடுகிறவர்கள், கடலுக்குப் போகும்போது நனையாத டப்பாவில் கணக்குக்கு மேல் நான்கைந்து நாள் மாத்திரையும், மருத்துவர் சீட்டின் நகலும் வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரையை மாற்றுவதோ நிறுத்துவதோ மருத்துவர் சொன்னால் மட்டும்.