மீனின் மூச்சை நடத்துவது எது?

மூச்சை அடக்கினால் நெஞ்சு முட்டும். ஆக்சிஜன் தீர்ந்துபோவதால்தான் அப்படி முட்டுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் நம்மை மூச்சிழுக்க விரட்டுவது இரத்தத்தில் சேரும் கரியமில வாயு. வேகவேகமாக மூச்சுவிட்டு அந்த வாயுவை வெளியேற்றிவிட்டுத் தண்ணீருக்குள் முங்குகிறவர்கள், ஆக்சிஜன் குறைந்தும் அந்த முட்டலே வராமல் நினைவிழப்பது இதனால்தான். மீனுக்கோ இது தலைகீழ். அதன் மூச்சை முதன்மையாக நடத்துவது ஆக்சிஜன். இதற்கான காரணத்தை மீனின் மூளையில் தேடுவதற்கு முன் தண்ணீரில் தேட வேண்டும்.

ஒரு லிட்டர் காற்றில் சுமார் 210 மில்லிலிட்டர் ஆக்சிஜன் இருக்கிறது. 25 டிகிரி வெப்பத்தில், காற்றோடு நன்கு கலந்த ஒரு லிட்டர் நன்னீரில் இருப்பதோ ஏறக்குறைய 6 மில்லிலிட்டர்தான். அந்தத் தண்ணீரும் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு கனமானது. இந்தச் சொற்ப ஆக்சிஜனுக்காக மீன் வாயையும் செவுள் மூடியையும் ஓயாமல் அசைத்து ஏராளமான நீரைச் செவுள் வழியே தள்ள வேண்டியிருக்கிறது. கரியமில வாயுவோ ஆக்சிஜனைவிடப் பல மடங்கு எளிதாக நீரில் கரையும். ஆக்சிஜனுக்காகத் தள்ளும் அத்தனை நீரும் போகிறபோக்கில் அதைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. நம் தமனி இரத்தத்தில் அதன் அழுத்தம் சுமார் 40 மில்லிமீட்டர் பாதரசம்; நீரில் மூச்சுவிடும் பெரும்பாலான மீன்களில் வெறும் சில மில்லிமீட்டர்தான். தானாகவே வெளியேறிவிடும் கழிவை அளந்து மூச்சை நடத்த வேண்டிய தேவை மீனுக்கு இல்லை.

இது ஊகம் மட்டுமல்ல, சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். நீரில் ஆக்சிஜனை வழக்கத்தைவிட மிக அதிகமாக ஏற்றினால் மீன் மூச்சைக் குறைத்துக்கொள்கிறது. கழுவிச் செல்லும் நீர் குறைவதால் கரியமில வாயு இரத்தத்தில் தேங்கி, இரத்தம் அமிலத்தன்மை அடைகிறது. நம் உடல் என்றால் உடனே மேல்மூச்சு வாங்க வைத்திருக்கும். மீன் அப்படிச் செய்வதில்லை. மூச்சைக் குறைத்தபடியே இருந்து, செவுள் வழியே உப்புகளைப் பரிமாறி இரத்தத்தில் பைகார்பனேட்டைச் சேர்த்து, மெல்ல அமிலத்தைச் சரிக்கட்டுகிறது. என் பார்வையில் மீனின் மூச்சை நடத்துவது ஆக்சிஜன்தான் என்பதற்கு இதைவிட வலுவான சான்று இல்லை.

அந்த ஆக்சிஜனை மீன் எங்கே உணர்கிறது? செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்தால் வளைவு வளைவாகச் சிவந்த இழைகள் வரிசையாக நிற்கும். அந்த இழைகளின் நுனிப்பகுதியில், வரும் நீர் முதலில் மோதும் பக்கமாக, நரம்புகளோடு ஒட்டிய சின்னஞ்சிறு செல்கள் இருக்கின்றன. செரோட்டோனின் நிறைந்த இந்தச் செல்களை டுனெல்-எர்ப், பெய்லி, லோரன் ஆகிய ஆய்வாளர்கள் 1982-இல் விவரித்தார்கள். ஆக்சிஜன் குறைந்தால் இவற்றின் பொட்டாசியம் வாயில்கள் அடைபட்டு, செல்லின் மின்னழுத்தம் மாறுவதை 2004-இல் வேறு ஆய்வாளர்கள் வரிக்குதிரை மீனில் அளந்து காட்டினார்கள். செவுளிலிருந்து நரம்பு வழியே செய்தி முகுளத்துக்குப் போகிறது, மூச்சு ஆழமாகிறது. பல மீன்களில் இதயத் துடிப்பும் அப்போது மெதுவாகிறது. செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த விடாமல் தடுக்கும் சயனைடை நீரில் கலந்தாலும் இரத்தத்தில் ஏற்றினாலும் மீன் வேகமாக மூச்சுவிடுகிறது. ஆக, செவுள் வெளியே நீரையும் உள்ளே இரத்தத்தையும் சேர்த்தே வேவு பார்க்கிறது.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழும். நீரில் கரியமில வாயுவைக் கலந்தாலும் பல மீன்கள் வேகமாக மூச்சுவிடுகின்றனவே? செவுளின் அதே செல்கள் அந்த வாயுவுக்கும் கிளர்ச்சியடைவதைப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றனவே? உண்மைதான். அமிலம் கூடினால் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பற்றும் திறன் குறைவதால் இதுவும் ஆக்சிஜன் பசியே என்று சிலர் விளக்கியதுண்டு. அது முழு விளக்கமாகாது. ஆனால் பல மீன்களில் அதே வாயுவை இரத்தத்தில் ஏற்றினால் மூச்சு பெரிதாக மாறுவதில்லை, நீரில் கலந்தால் மாறுகிறது. அதாவது அந்த உணர்வு பெரும்பாலும் வெளிநீர் கெட்டுவிட்டது என்ற எச்சரிக்கை. உடலுக்குள் சேரும் கழிவை அளக்கும் கருவி அல்ல. காற்றைச் சுவாசிக்கும் தென் அமெரிக்க நுரையீரல் மீனைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். நீர் கழுவிச் செல்லும் வசதி குறைந்துபோன அந்த மீனின் மூளையில், நம்மைப் போலவே கரியமில வாயுவை உணரும் ஏற்பாடு இருக்கிறது.

மீன் வளர்ப்பவர்களுக்கு இதில் நேரடிப் பயன் உண்டு. இரவெல்லாம் பாசியும் மீனும் ஆக்சிஜனைச் செலவிடுவதால் குளத்தில் அது மிகவும் குறைவது விடியலுக்குச் சற்று முன்னால்தான். கட்லாவும் ரோகுவும் அந்த நேரத்தில் மேலே வந்து வாய் பிளந்தால் அது தீனிக்காக அல்ல. காற்றைத் தொட்டிருக்கும் மேல்படல நீரில் மட்டும் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனுக்காக. உடனே ஏரேட்டரை ஓடவிட வேண்டும், தீனியை நிறுத்த வேண்டும். ஆனால் ஆக்சிஜன் அடைத்த பாலிதீன் பையில் குஞ்சுகளை ஏற்றி அனுப்பும்போது நிலைமை வேறு. அங்கே ஆக்சிஜன் தாராளமாக இருப்பதால் குஞ்சுகள் தவிக்காமல் அமைதியாகத் தெரியும். கரியமில வாயுவும் அம்மோனியாவும் பையிலேயே சேர்ந்துகொண்டிருக்கும். பண்ணைகளில் அனுப்புவதற்கு முன் குஞ்சுகளுக்குத் தீனியை நிறுத்தி வயிற்றைக் காலியாக்குவது இந்தக் கழிவைக் குறைக்கத்தான். குஞ்சுகள் அமைதியாக இருக்கின்றன என்பதற்காகப் பயண நேரத்தை நீட்டக் கூடாது.